என் வீட்டில் குடியிருப்பவளுக்கு

சேன் ஓமேர்,
1348, தவக்காலத்தின் இரண்டாம் வாரம்

என் வீட்டில் குடியிருப்பவளுக்கு,

உன் பெயர் ஏவிஸ் என்று ஊர் ஊராகப் போய் ஊசி நூல் விற்கிற கோதின் சொன்னாள். உன் புருஷன் ஹாமன் வில்லைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊரை முற்றுகையிட வந்தவன் என்றும், இப்போது என் பின்கட்டில் பீர் காய்ச்சி உங்கள் சிப்பாய்களுக்கு விற்கிறான் என்றும் சொன்னாள். நல்ல பிழைப்பு. அடுத்தவள் அடுப்பு, அடுத்தவள் அண்டா.

நான் பெரோன். கப்பல் பாய்த்துணி விற்ற ரெனோவின் விதவை. கலேயில் மீன் சந்தைக்குப் பின்னால், நீ படுத்து எழுந்திருக்கிற அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். போன ஆகஸ்டில் மதில் கதவைத் திறந்துவிட்டதும் உங்கள் இங்கிலீஷ் அரசரின் ஆட்கள் வாசல் வாசலாக வந்தார்கள். "கட்டியிருக்கிற துணியோட கிளம்பு" என்றான் ஒருத்தன். கிளம்பினேன். என் கையில் என் மகள் இதாவின் கை இருந்தது. வேறொன்றும் இல்லை. இப்போது இங்கே எங்கள் அரசரின் கோட்டையில் துணி துவைக்கிறேன்.

வீட்டைப் பற்றி உன்னிடம் கெஞ்ச வரவில்லை. திருடியிடம் கெஞ்சி எந்தப் பொருளும் திரும்பி வந்ததில்லை. ஒன்றே ஒன்று. பின்கட்டில், காய்ச்சும் கொட்டகைக்கும் கொல்லைச் சுவருக்கும் நடுவில், பீப்பாய் இறக்க நிலவறை தோண்டப் போகிறீர்கள் என்று கோதினிடம் சொன்னாயாம். அங்கே தோண்டாதே. அந்த இடத்தில் ஊற்று இருக்கிறது. கொட்டகை இடிந்து விழும்.

வேறு எங்கு வேண்டுமானாலும் தோண்டிக்கொள். அங்கே மட்டும் வேண்டாம்.

பெரோன்


கலே,
குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள்

பெரோன் அம்மாளுக்கு,

உன் மொழியை டோவரில் ஒரு ஒயின் வியாபாரி வீட்டில் வேலை செய்தபோது கற்றுக்கொண்டேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள். உன் கடிதத்தை நானும் பொறுத்துக்கொண்டுதானே படித்தேன்.

திருடி என்கிறாய். இந்த வீட்டுக்கு எங்கள் அரசரின் முத்திரை போட்ட பத்திரம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். உங்கள் மதிலுக்கு வெளியே சேற்றில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தோம். நானும் கிடந்தேன். என் தம்பி கில்பர்ட்டுக்கு ரத்தபேதி. இருபது வயதுகூட ஆகவில்லை. கூடாரத்தில் என் மடியில்தான் போனான். நீங்கள் முதல் மாதமே கதவைத் திறந்திருந்தால் அவன் இருந்திருப்பான். உங்கள் வீறாப்புக்கு அவனைக் கொடுத்தேன். அதனால் வீட்டைப் பற்றி என்னிடம் பேசாதே.

ஊற்று இருக்கிறதாம். நாங்கள் வந்த நாளிலிருந்து காய்ந்து கிடக்கிற தரையில் ஊற்று எங்கிருந்து வந்தது? உன் கடிதத்தை ஹாமனுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏண்டி, தோண்டாதேன்னு ஒருத்தி அங்கேர்ந்து மெனக்கெட்டு எழுதுறான்னா, அங்க என்னமோ வச்சிட்டுப் போயிருக்காடி" என்றான். இந்தத் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள், கிளம்பும்போது வெள்ளிப் பாத்திரங்களையெல்லாம் மண்ணில் புதைத்துவிட்டுத்தான் போனீர்கள் என்று.

அவன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஏவிஸ்


சேன் ஓமேர்,
பெரிய வெள்ளி

வெள்ளி இல்லை. தாமிரம்கூட இல்லை. மாதா மேல் ஆணை. இன்றைக்கு என்ன நாள் என்று பார், இன்று பொய் சொல்வேனா? ஊற்று என்று சொன்னது பொய். ஆனால் வெள்ளி இல்லை என்பது சத்தியம்.

உன் தம்பிக்காக ஒரு பூசை வைக்கச் சொல்கிறேன். உன் புருஷன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி வை.

பெரோன்


கலே,
உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்தின செவ்வாய்

உன் கடிதம் வருவதற்குள் தோண்டியாகிவிட்டது.

முழங்கால் ஆழத்தில் ஒரு மீன்கூடை. மேலே பாய்த்துணி சுற்றி, கயிறு கட்டி. ஹாமன் "கனமே இல்லடி" என்றான். அவன் முடிச்சை அவிழ்த்தான். பிறகு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

யார் அந்தக் குழந்தை?

பக்கத்துத் தெருவில் கயிறு திரிக்கிறவன் இருக்கிறானே, எங்கள் அரசருக்குச் சத்தியம் செய்துகொடுத்து ஊரிலேயே தங்கிவிட்டவன், அவன் பெண்டாட்டியைக் கேட்டேன். உனக்கு கொலார் என்று நாலு வயதில் ஒரு மகன் இருந்தானாம். முற்றுகை முடிகிற நாள்வரை அவன் பெயருக்கு நீ ரொட்டி வாங்கினாயாம். அவனுக்குச் சாவுமணி அடித்து யாரும் கேட்டதில்லை. மதிலை விட்டு வெளியே போகும்போது உன்னோடு ஒரு பெண்பிள்ளை மட்டும்தான் இருந்தது என்கிறாள்.

செத்த பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் கொல்லையில் புதைக்கிறவள் யார்? கடைசி மாதத்தில் இந்த ஊருக்குள் நாயும் எலியும் தீர்ந்த பிறகு என்னென்ன தின்றார்கள் என்று எங்கள் முகாமிலேயே பேசிக்கொண்டோம். அப்போது நம்பவில்லை. நீ அவனை என்ன செய்தாய்?

கூடை கொட்டகையில் இருக்கிறது. பாதிரியாரிடம் சொல்லலாம் என்கிறான் ஹாமன். நகரக் காவல் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்கிறேன் நான். உனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன். பதில் சொல்.

ஏவிஸ்


சேன் ஓமேர்,
ஏப்ரல் கடைசி

பதில் கேட்டாய். உட்கார்ந்து படி.

கொலார் பசியில் செத்தான். போன ஜூனில், புனித யோவான் திருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, பகலில். நீங்கள் கடலையும் அடைத்துவிட்டீர்கள், ஒரு படகும் உள்ளே வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சந்தையில் வீட்டுக்கு வீடு தலை எண்ணி ரொட்டி கொடுத்தார்கள். ஒரு தலைக்குக் கையகலம். மணி அடித்தால் ஒரு தலை குறையும். என் வீட்டில் மூன்று தலை. இதாவுக்கு ஆறு வயது. அவளும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ஒரு பங்கு போனால் அவளும் போவாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அதனால் மணி அடிக்கவில்லை. பாதிரியாரைக் கூப்பிடவில்லை. ரெனோவின் கடையில் மிஞ்சின பாய்த்துணியில் சுற்றி, நானே குழி தோண்டினேன். அந்த ஞாயிறு ரொட்டி கொடுக்கிறவர் கேட்டார், "பையன் எங்கம்மா?" என்று. "படுத்திருக்கான் ஐயா, எழுந்திருக்க முடியல" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் படுத்துத்தான் கிடந்தார்கள். அன்றிலிருந்து இதா இரண்டு பங்கு தின்றாள். பிழைத்துக்கொண்டாள். நாளைக்கே இன்னொரு முற்றுகை வந்தால் நாளைக்கும் அதையே செய்வேன்.

நான் என்ன தின்றேன் என்று கேட்கிறாய். உன் வாயில் புழு வைக்கட்டும்.

ஜூலை கடைசியில் எங்கள் அரசர் படையோடு வந்து சங்காத் மேட்டில் கூடாரம் அடித்தார். நாங்கள் மதிலில் ஏறி நின்று கத்தினோம். கொடி கட்டினோம், நெருப்பு மூட்டிக் காட்டினோம். சில நாள் கழித்துப் பார்த்தால், கூடாரங்களைத் தானே கொளுத்திவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். உன் அரசர் என் வீட்டை எடுத்துக்கொண்டார். என் அரசர் முதுகைக் காட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாலு வயதுப் பிள்ளை கிடந்தான். இதில் உனக்கு வெள்ளி கேட்கிறது.

இனி உன் கை அவன்மேல் படக்கூடாது. அவனை என்னிடம் அனுப்பு. கோதின் மதில் வாசல்வரை வருவாள். அவளிடம் கொடு. இங்கே அவனுக்கு மணி அடிக்கிறேன்.

பெரோன்


கலே,
ஜூன், இரண்டாம் ஞாயிறு

பெரோனுக்கு,

உனக்கு உன் மகன் வேண்டும். எனக்கு என் புருஷன் வேண்டும்.

போன புதன்கிழமை ஹாமன் ஊருக்கு வெளியே கீன் கோட்டைப் பக்கத்துச் சதுப்பில் கூரைக்கு நாணல் அறுக்கப் போனான். அமைதி ஒப்பந்தம் இருக்கிறது என்று எல்லாரும்தான் போகிறார்கள். உங்கள் கோட்டைக் குதிரைக்காரர்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடப் போனவன் ஓடி வந்து சொன்னான். கால்வாயின் ஆழம் அளந்த ஒற்றன் என்று சொல்லிக் கட்டினார்களாம். நாணல் அறுக்கிற கத்தியைத் தவிர அவன் கையில் ஒன்றும் இல்லை.

நீ அந்தக் கோட்டையில்தான் துணி துவைக்கிறாய். உள்ளே போக, வர உனக்கு வழி தெரியும். யாரிடம் பேச வேண்டும் என்றும் தெரியும்.

கூடை இப்போது கொட்டகையில் இல்லை. உன் மகனை ஒரு பெட்டியில் வைத்து மாடியில் தானிய அறையில் பூட்டியிருக்கிறேன். சாவி என் இடுப்பில். ஹாமன் உயிரோடு இந்த வாசலுக்கு வந்தால் அன்றைக்கே பெட்டி உன்னிடம் வரும். அவனுக்கு ஏதாவது ஆனால், கடல் பக்கத்தில்தான் இருக்கிறது.

நான் கொடுமைக்காரி என்று நினைத்துக்கொள். எனக்குக் கவலையில்லை.

ஏவிஸ்


சேன் ஓமேர்,
புனித யோவான் திருநாள்

என் மகன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் அவனை அடகுப் பொருளாக்கிவிட்டாய்.

உன் புருஷன் இங்கேதான் இருக்கிறான். கீழ்க் கோபுரத்தில். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. என் கொல்லையைக் கிளறியவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. அவன் சட்டை மட்டும் என் துவைக்கல்லுக்கு வந்தது. சதுப்புச் சேறு அவ்வளவு லேசில் போகாது. அடித்து அடித்துத் துவைத்தேன். சட்டையைத்தான் அடிக்கிறாயா என்று கூட இருந்தவள் கேட்டாள்.

ஆகஸ்ட் நடுவில் மாதா விண்ணேற்புத் திருநாள் முடிந்ததும் அவனைத் தூக்கிலிடப் போவதாகச் சமையல்கட்டில் பேசிக்கொள்கிறார்கள். நான் ஒரு சொல் சொன்னால் அதுவரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். கலேயிலிருந்து துரத்தப்பட்டவள் சொல்லுக்கு இங்கே எடை உண்டு.

பிள்ளை முதலில். பிறகு பார்க்கலாம்.

பெரோன்


கலே,
ஜூலை தொடக்கம்

புருஷன் முதலில்.

பிள்ளையை வாங்கிக்கொண்டு நீ கையை விரித்தால் நான் யாரிடம் போய் நிற்பேன்? நான் பெட்டியை வைத்திருக்கிறவரைதான் நீ அவனை உயிரோடு வைத்திருப்பாய். உன் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் இருப்பேன். அதனால் உன்னையும் அப்படியே நினைக்கிறேன்.

பெட்டி பத்திரமாக இருக்கிறது. எலி ஏறாமல் உத்திரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் போய்ப் பார்க்கிறேன். இதற்கு மேல் என்ன செய்ய?

அவன் எப்படி இருக்கிறான்? அதையாவது எழுது. ஈரத்தில் படுத்தால் அவனுக்கு இடது கால் பிடித்துக்கொள்ளும்.

ஏவிஸ்


சேன் ஓமேர்,
ஜூலை நடுவில்

போய்ப் பார்த்தேன்.

காவலாளிக்குச் சட்டை கொடுக்க வந்ததாகச் சொல்லி, கூடவே ஒரு கிண்ணம் பட்டாணிக் கஞ்சியும் எடுத்துப்போனேன். உன் புருஷன் சுவர் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஆள் பெரிதாக இருப்பான் என்று நினைத்தேன். இல்லை. பாதி முடி கொட்டிவிட்டது. எங்கள் மொழியைக் கல்லைக் கடிப்பதுபோல் கடித்துப் பேசுகிறான்.

"ஏன் தாயி என்னையே வெறிச்சுப் பாக்குற? தூக்குல போடுறவன் அனுப்பினானா, கழுத்து எவ்வளவு தடிமன்னு பாத்துட்டு வரச் சொல்லி?" என்றான்.

"நீ குடியிருக்கிறது என் வீடு" என்றேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தான். "பாய்த்துணிக்காரர் வீடா? அப்ப நீங்க..."

"ஆமா."

"பையனோட அம்மாவா?"

"ஆமா."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கக்கூடாது என்று நினைத்தான்போல.

அதற்குப் பிறகு பேசியதை உனக்கு எழுத மாட்டேன். அது எனக்கும் அவனுக்கும் நடுவில்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பெட்டிக்குள் அவனை எந்தத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாய்? பழைய பாய்த்துணியிலேயா, வேறு துணியிலா? யோசித்துப் பதில் எழுது.

பெரோன்


கலே,
ஜூலை கடைசி

வேறு துணியில்தான். பாய்த்துணி மக்கிப்போயிருந்தது. என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த வெள்ளை விரிப்பு ஒன்று இருந்தது, ஓரத்தில் நீலத் தையல். அதில் சுற்றியிருக்கிறேன். போதுமா? உனக்காக இல்லை. பிள்ளைக்காக.

கால் வீங்கியிருக்கிறதா? காய்ச்சல் உண்டா? அவனைப் பார்த்தேன் என்று எழுதுகிறாய், நான் கேட்டதற்குப் பதில் இல்லை. முடி கொட்டினதை நான் கேட்டேனா?

பெரோன், திருநாள் நெருங்குகிறது. நான் இங்கே எங்கள் காவல் தலைவர் வாசலில் தினமும் போய் நிற்கிறேன். "ஒரு பீர்க்காரனுக்காக ஒப்பந்தத்தை முறிக்கச் சொல்றியா?" என்று கேட்கிறார். எங்கள் ஆட்களுக்கு அவன் வில் பிடிக்கிறவரைதான் ஆள். உன்னைத் தவிர எனக்கு வேறு வாசல் இல்லை. உன்னிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றி நான் சொன்ன சொல் மாறாது.

ஏவிஸ்


சேன் ஓமேர்,
மாதா விண்ணேற்புக்கு முந்தின நாள்

ஏவிஸுக்கு,

இன்று காலை கோட்டைத் தலைவரின் கூடத்துக்குப் போனேன். கீழ்க் கோபுரத்தில் இருக்கிறவனை எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

"எப்படித் தெரியும்?" என்றார்.

"என் புருஷன்கிட்ட பீப்பாய் வண்டி ஓட்டினவன் ஐயா. பிரபாண்ட் நாட்டுக்காரன். இங்கிலீஷ்காரனே இல்ல."

"பேச்சு இங்கிலீஷ்காரன் மாதிரி இருக்கே."

"அவன் எந்த மொழியையும் ஒழுங்காப் பேசினதில்ல ஐயா. குதிரைங்களோடதான் பேசுவான். அதுங்களுக்கும் பாதிதான் புரியும்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு புனிதரின் விரலெலும்பு வைத்த வெள்ளிப் பேழையைக் கொண்டுவரச் சொன்னார். அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

"கலேல எல்லாத்தையும் இழந்துட்டு வந்தவ நீ. உன்னைவிட அவங்களை வெறுக்கிறவ இந்த ஊர்ல கிடையாது. இங்கிலீஷ்காரனுக்காகப் பொய் சொல்ல உனக்கென்ன வந்தது?" என்றார். பிறகு கதவைத் திறந்துவிடச் சொன்னார். என் வெறுப்பைத்தான் அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

நாளை பூசை முடிந்ததும் அவனை வெளியே விடுகிறார்கள். கீன் வரைக்கும் இரண்டு சிப்பாய்கள் கூட வருவார்கள். அங்கிருந்து நொண்டிக்கொண்டாவது வந்து சேர்வான். காலில் வீக்கம் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. கேட்டாயே, அதனால் எழுதுகிறேன்.

இனி உன் முறை.

பெரோன்


கலே,
ஆகஸ்ட் கடைசி

பெரோனுக்கு,

ஹாமன் வந்து சேர்ந்தான். ஒரு நாள் முழுக்கத் தூங்கினான். எழுந்து சாப்பிட்டான். பிறகு, "அந்தம்மாவுக்கு என்னடி எழுதினே?" என்று கேட்டான்.

"பையன் மாடியில பெட்டியில இருக்கான், உன்னை அனுப்பினா அனுப்புறேன்னு எழுதினேன்" என்றேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அடிப்பாவி, பையனைக் கோயில்ல வச்சாச்சுன்னு மொத நாளே நான் அவங்ககிட்டச் சொல்லிட்டேனே" என்றான்.

அப்படியானால் துணியைப் பற்றிக் கேட்டபோது உனக்குத் தெரியும். நீலத் தையல் என்று நான் எழுதியதைப் படித்தபோதும் தெரியும். மாடியில் பெட்டி கிடையாது, கயிறு கிடையாது, விரிப்பு கிடையாது என்று தெரிந்துகொண்டே போய் அந்த எலும்பின்மேல் கை வைத்திருக்கிறாய்.

அவன் சொல்லியிருப்பான். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கேவலமான கடிதம் எழுதி அனுப்பினேனே, அதே வாரத்தில் ஹாமன் பழைய பலகைகளை அறுத்து ஒரு சின்னப் பெட்டி செய்தான். கயிறு திரிக்கிறவன் பெண்டாட்டியிடம் பையனின் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொண்டு பாதிரியாரிடம் போனான். மணியடிக்கிறவன் சும்மா வர மாட்டேன் என்றதால் ஒரு பீப்பாய் பீரைத் தூக்கிக் கொடுத்தான். அதற்கு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. "யாரோ பெத்த பிள்ளைக்கு நம்ம பீரா?" என்று கத்தினேன். அடக்கத்துக்கு நான் போகவில்லை. மணி அடித்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அவனை அனுப்பு என்ற உன் கடிதம் பிறகுதான் வந்தது. பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அடக்கம் செய்தாகிவிட்டது என்று பதில் எழுத உட்கார்ந்த அன்றைக்கு ஹாமனைப் பிடித்த செய்தியும் வந்தது. உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. இல்லாததைக் காட்டித்தான் பயமுறுத்த முடிந்தது. கடல் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதினேனே, அந்த வரியைத் திரும்பப் பிடுங்கிக் கிழித்துப்போட வேண்டும்போல் இருக்கிறது.

உனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. நீ ஏன் அப்படிச் செய்தாய்? என்னைப் பொய்க்காரி என்று எழுதி, அவனைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தால் எனக்கு உன்னைப் புரிந்திருக்கும். இப்போது நான் என்ன செய்வது? நீ காப்பாற்றிய ஆளோடு உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

இன்றுதான் முதல் தடவையாகக் கோயிலுக்குப் பின்னால் போனேன். வடக்குச் சுவர் ஓரம். மண் தாழ்ந்திருந்தது. ஹாமன் ஒரு கூடை மண் கொண்டுவந்து போட்டான்.

ஏவிஸ்


சேன் ஓமேர்,
மாதா பிறப்புத் திருநாள்

ஏவிஸுக்கு,

திட்டச் சொன்னாய். குறையில்லாமல் செய்கிறேன்.

நீ பொய்க்காரி. துணியைப் பற்றிக் கேட்டது உனக்கு நான் திறந்துவைத்த கதவு. யோசித்து எழுது என்றும் சொன்னேன். நீ உன் அம்மா கொடுத்த கல்யாண விரிப்பைக் கொண்டுவந்து அந்தக் கதவை அடைத்தாய். அந்தக் கடிதத்தைப் படித்தபோது, இவள் புருஷன் தொங்கட்டும், இவள் அந்த நீலத் தையலை வைத்துக்கொண்டு அழட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். துணி துவைக்கும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறாய். கோபுரத்தில் உன் புருஷன் எல்லாவற்றையும் சொன்ன பிறகு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "மணி எவ்வளவு நேரம் அடிச்சாங்க?"

"ரொம்ப நேரம்மா. அந்தச் சோம்பேறி பாதியிலயே கை வலிக்குதுன்னு நிறுத்திட்டான். மிச்சத்தை நான் அடிச்சேன். எனக்குப் பழக்கம் இல்ல, கொஞ்சம் கோணலாத்தான் அடிச்சிருப்பேன்" என்றான்.

அவன் கையைப் பார்த்தேன். அந்தக் கையைப் பின்னால் கட்டித் தூக்குமேடைக்குக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று தெரிந்தது. அவ்வளவுதான். உனக்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தியிருக்க மாட்டேன். நீ எனக்குக் கடன்படவில்லை. நிம்மதியாக என்னை வெறு. நானும் அப்படியே இருக்கிறேன்.

இதையும் தெரிந்துகொள். கீன் சதுப்பு ஓரத்தில் உங்கள் ஆட்கள் உன் புருஷனைப் பார்த்து "ஹாமன்! ஹாமன்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார்களாம். கூடப் போன சிப்பாய்கள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். பிரபாண்ட் வண்டிக்காரனுக்கு அவ்வளவு வரவேற்பா? கோட்டைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். ஒரு சலவைக்காரி தன்னை ஏமாற்றினாள் என்று ஊருக்குச் சொல்ல அவருக்கு மனமில்லை. "விடியறதுக்குள்ள உன் மகளைக் கூட்டிக்கிட்டு இந்த ஊரைவிட்டுப் போயிடு" என்றார். மூன்று நாள் தவணை கேட்டு வாங்கினேன். அதற்குள் சமையல்கட்டுவரை செய்தி போய்விட்டது. கிணற்றடியில் என்னை இங்கிலீஷ்காரனின் வைப்பாட்டி என்கிறார்கள். நேற்று இதாவின்மேல் ஒருத்தன் கல்லெறிந்தான்.

ஆக, இரண்டாம் தடவையும் உங்களால்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். இந்தத் தடவை யாரும் வாசலில் வந்து கத்தவில்லை, நானே கிளப்பிக்கொண்டேன். ஆமியேன் பக்கம் ரெனோவின் அக்கா இருக்கிறாள். தெற்கே ஏதோ கொள்ளைநோய் பரவுகிறது, போகிற வண்டிகளெல்லாம் திரும்பி வருகின்றன என்று கோதின் சொல்கிறாள். அவளுக்கு எல்லாமே பயம்தான். எங்களுக்குப் போக வேறு இடமும் இல்லை.

இதாவிடம் அவள் தம்பிக்கு மணி அடித்ததைச் சொன்னேன். "யாரும்மா அடிச்சா?" என்றாள். "நம்ம வீட்ல குடியிருக்கிறவங்க" என்றேன். ரொட்டியில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

எனக்குப் பதில் எழுதாதே, எங்கே அனுப்புவாய்? வடக்குச் சுவர் ஓரம் என்றாயே, அங்கே கடற்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போகும். குளிர்காலத்துக்கு முன்னால் ஓரத்தில் கல் அடுக்கச் சொல். உன் புருஷன் செய்வான். நீ செய்ய வேண்டாம். செய்தால் தடுக்கவும் மாட்டேன்.

எந்த அரசர் கூட்டிவந்தாலும் வராவிட்டாலும் ஒரு நாள் நான் அந்தத் தெருவுக்கு வருவேன். முதலில் கோயிலுக்குப் பின்னால் போவேன். அதன் பிறகு உன் வாசலுக்கு வந்து என் வீட்டைக் கேட்பேன். அதுவரை கொலாரைப் பார்த்துக்கொள்.

பெரோன்